இரண்டாம் வயலினின் நாற்காலியிலிருந்து

கேள்வி: பல்கலைக்கழக இசைப் பள்ளியொன்றில் மேற்கத்திய வயலினை முதன்மைப் பாடமாகக் கொண்டு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்தப் பருவத்தில் முதன்முறையாக ஒரு தந்தி நால்வர் குழுவில் (இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ) என்னைச் சேர்த்து, இரண்டாம் வயலினைக் கொடுத்திருக்கிறார்கள். ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஹைடனின் ஓப்பஸ் (படைப்பு வரிசை எண்) 76, எண் 3 எங்களுக்கு ஒதுக்கப்பட்ட படைப்பு. இன்னும் 7 வாரங்களில் மேடையேற வேண்டும். முதல் வயலின் வாசிப்பவர் எங்களைவிட மூத்தவர், திறமைசாலி; ஆனால் நான்கு தாளக்கட்டம் போவதற்குள் நிறுத்தி, ஒவ்வொருவருக்கும் திருத்தம் சொல்கிறார். செல்லோ வாசிப்பவர் அவரோடு வாதாடுகிறார். வயோலா வாசிப்பவர் வாயே திறப்பதில்லை. ஒன்றரை மணி நேர ஒத்திகையில் பாதி பேச்சிலேயே கரைகிறது. தனியாக வாசிக்கும்போது என் சுருதி சரியாகத்தான் இருக்கிறது, டியூனர் செயலியும் அப்படியே காட்டுகிறது; குழுவில் மட்டும் என் சுருதி ஏறியிருப்பதாகச் சொல்கிறார்கள். தனி வாசிப்புத் தேர்வு நெருங்கும் வேளையில் இதற்கு இத்தனை நேரம் எதற்கு என்று என் வயலின் ஆசிரியர் கேட்கிறார். வேறு குழுவுக்கு மாற்றித் தரும்படி கேட்கலாமா?

பதில்:

அன்புள்ள மாணவருக்கு,

மாற்றம் கேட்க வேண்டாம். 7 வாரங்களே மீதமிருக்கையில் ஒருவர் விலகினால் மற்ற மூவரின் நிகழ்ச்சியும் மதிப்பெண்ணும் சேர்ந்தே கவிழும் என்பது ஒரு காரணம். அடுத்த குழுவிலும் இதே சிக்கல் வேறு முகங்களோடு உங்களுக்காகக் காத்திருக்கும் என்பது அதைவிடப் பெரிய காரணம். ஒத்திகையில் யாரேனும் உங்களை இழிவாகப் பேசினால் அது வேறு விஷயம். அதை அன்றைக்கே பயிற்றுநரிடம் சொல்லிவிட வேண்டும். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை. திறமையுள்ள ஒருவர் பொறுமையிழந்திருக்கிறார், மற்ற மூவரும் அதை மூன்று விதமாகத் தாங்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்பதுதான் தெரிகிறது.

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சுருதி, வாதம், நேரம், மனத்தாங்கல் எல்லாம் அதில் இருக்கின்றன. ஸ்கோர் என்ற சொல் மட்டும் ஓரிடத்திலும் இல்லை. நால்வரின் குறிப்புகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சிட்ட அந்த முழு ஸ்கோர் உங்கள் ஒத்திகை அறையில் இருக்கிறதா? இல்லையென்றே ஊகிக்கிறேன். உங்கள் முன்னால் இருக்கும் தாளில் இரண்டாம் வயலினின் வரி மட்டுமே இருக்கிறது; அதில் ஓர் இடத்தில் எட்டு தாளக்கட்டம் ஓய்வு என்று எழுதியிருந்தால், அந்த எட்டில் யார் எதைச் சொன்னார், நீங்கள் நுழைவது பதிலாகவா எதிர்ப்பாகவா என்பது அந்தத் தாளிலிருந்து ஒருபோதும் தெரியாது. முதல் வயலினின் வரியில் மெட்டு பெரும்பாலும் முழுமையாகவே இருப்பதால், தன் தாளை மட்டும் பார்ப்பவருக்கு முழுப் படைப்பும் தன் கையில் இருப்பதுபோல ஒரு மயக்கம் ஏற்படுவது இயல்பு. உங்கள் தோழர் எல்லோரையும் திருத்துவதற்குக் குணத்தைவிட இந்த மயக்கமே காரணமாக இருக்கக்கூடும். இன்றே நூலகத்திலிருந்து ஸ்கோரை எடுத்து வாருங்கள். உங்கள் நான்கு தாள்களும் அதே பதிப்பைச் சேர்ந்தவையா, தாளக்கட்டங்களின் எண்கள் நான்கிலும் ஒத்திருக்கின்றனவா என்று முதலில் சரிபாருங்கள். வெவ்வேறு பதிப்புகளை வைத்துக்கொண்டு, ஒருவர் தாளில் இருக்கும் இணைப்புக்கோடு மற்றவர் தாளில் இல்லாததற்காக ஒரு மாதம் சண்டையிட்ட குழுக்களை நான் பார்த்திருக்கிறேன். பிறகு வயலினைத் தொடாமல், ஸ்கோரைப் பார்த்தபடி ஒரு நல்ல ஒலிப்பதிவை மூன்று முறை கேளுங்கள்: முதல்முறை செல்லோவை மட்டும், இரண்டாம் முறை வயோலாவை மட்டும், மூன்றாம் முறை உங்கள் வரியை. முதல் வயலினை அப்போது கேட்கத் தேவையில்லை. அது எப்படியும் காதில் விழும். நீங்கள் நுழையும் இடங்களுக்கு முன்னால் யார் வாசிக்கிறாரோ அவருடைய இரண்டு மூன்று சுரங்களை உங்கள் தாளில் பென்சிலால் சிறிதாக எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் வயலின் என்றால் இரண்டாம் தரம் என்ற எண்ணம் உங்கள் எழுத்தின் அடியில் ஓடுவது எனக்குக் கேட்கிறது. உங்களுக்குக் கொடுத்திருக்கும் படைப்பே அதற்கு விடை வைத்திருக்கிறது. 1797 பிப்ரவரி 12 அன்று, புனித ரோமானியப் பேரரசர் இரண்டாம் ஃபிரான்ஸின் பிறந்தநாளில் முதன்முதலாகப் பாடப்பட்ட தம் வாழ்த்துப் பாடலின் மெட்டை, ஹைடன் அதே ஆண்டில் இந்த நால்வர் படைப்பின் இரண்டாம் பகுதியில் வைத்து, அதைத் தொடர்ந்து நான்கு வேரியேஷன்களை, அதாவது அதே மெட்டை வெவ்வேறு விதமாக அமைத்த வடிவங்களை, எழுதினார். மெட்டை முதலில் முதல் வயலின் வாசிக்கிறது. அடுத்து, முதல் வேரியேஷனில் அதை யாரிடம் கொடுக்கிறார்? உங்களிடம். வயோலாவும் செல்லோவும் அங்கே மௌனமாக இருக்கின்றன. மேடையில் இருவர் மட்டுமே வாசிக்கிறீர்கள். 20 தாளக்கட்டங்கள் முழுவதும் மெட்டு உங்களுடையது, முதல் வயலின் அதைச் சுற்றிச் சிறு சுரங்களால் கொடிபோலப் படர்கிறது. இரண்டாவது வேரியேஷனில் மெட்டு செல்லோவுக்கும், மூன்றாவதில் வாயே திறக்காத உங்கள் வயோலா நண்பருக்கும் போய், நான்காவதில்தான் முதல் வயலினுக்குத் திரும்புகிறது. நால்வரும் மாறி மாறி ஒரே மெட்டை ஏந்தும் இந்தப் பகுதியை உங்கள் முதல் நால்வர் குழுவுக்குக் கொடுத்த உங்கள் பயிற்றுநரை மனத்துக்குள் பாராட்டிக்கொண்டேன்.

இரண்டாம் வயலின், வயோலா ஆகிய உள்குரல்களை வாசிப்பது பெரிய இசையமைப்பாளர்களுக்கே குறைவாகத் தோன்றியதில்லை. 1784-இல் வியன்னாவில் நடந்த ஒரு நால்வர் மாலையைப் பற்றி மைக்கேல் கெல்லி என்ற பாடகர் எழுதிவைத்திருக்கிறார்: முதல் வயலின் ஹைடன், இரண்டாம் வயலின் டிட்டர்ஸ்டார்ஃப், செல்லோ வான்ஹால், வயோலா மொசார்ட். பீத்தோவனும் இளமையில் பான் நகர அரசவை இசைக்குழுவில் வயோலா வாசித்தவர். நடுவிலிருந்து கேட்பவருக்கு மேலும் கீழும் ஒருசேரக் கேட்கும் என்பதை இவர்களுக்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

இனி சுருதிக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். உங்கள் தோழர்கள் சொல்வதும் சரி, டியூனர் சொல்வதும் சரி. டியூனர் செயலி, பியானோவைப் போல, ஓர் எண்மத்தை (ஷட்ஜம் முதல் மேல் ஷட்ஜம் வரை) பன்னிரண்டு சமக் கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் 100 சென்ட் என்று கணக்கிடுகிறது. அந்தக் கணக்கில் மேஜர் மூன்றாம் இடைவெளி, அதாவது ஷட்ஜத்திலிருந்து அந்தர காந்தாரம் வரையிலான தூரம், 400 சென்ட். ஆனால் இரண்டு தந்திகளின் அதிர்வு 5-க்கு 4 என்ற எளிய விகிதத்தில் அமையும்போது பிறக்கும் இயற்கையான மூன்றாம் இடைவெளி சுமார் 386 சென்ட்தான். தம்புராவின் மந்தர ஷட்ஜத்தை மீட்டிவிட்டுக் காது கொடுத்தால் தானாக எழும் அந்தர காந்தாரம் இதுவே. ஆகவே செல்லோ ஜி வாசிக்க, வயோலா டி வாசிக்க, அவற்றின்மேல் நீங்கள் பி வாசிக்கும்போது, டியூனர் காட்டும் இடத்தில் விரலை வைத்தால் அது 14 சென்ட் ஏறித்தான் ஒலிக்கும். இரண்டாம் வயலினுக்கும் வயோலாவுக்கும் இப்படிப்பட்ட மூன்றாம் சுரங்கள் அடிக்கடி விழுவதால், சுருதி ஏறுகிறது என்ற புகாரும் அவர்கள் தலையிலேயே விழுகிறது. இது உங்கள் செவியின் குறை அன்று. தனியாக வாசிப்பவருக்கு இதுவரை தேவைப்படாத ஒரு கணக்கு.

இதைச் சரிசெய்யும் வழி ஒன்றே. ஒத்திகையின் முதல் பத்து நிமிடத்தை இதற்கு ஒதுக்குங்கள். மெட்டின் கடைசிச் சுரக்கூட்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களை, கார்டு) எடுத்துக்கொள்ளுங்கள். செல்லோ மட்டும் அசைவில்லாத, அதிர்வூட்டாத நீண்ட ஒலியில் அடிச் சுரத்தைப் பிடிக்கட்டும். அதற்கு எண்மமாக இருப்பவர் அடுத்துச் சேரட்டும். பிறகு ஐந்தாம் சுரம். அது அசையாமல் நின்ற பிறகே மூன்றாம் சுரம் நுழைய வேண்டும். நீங்கள் மூன்றாம் சுரமாக இருந்தால் விரலை மிகச் சிறிதளவு பின்னுக்கு உருட்டிக்கொண்டே வாருங்கள். ஒலியில் இருந்த நடுக்கம் தணிந்து, நான்கு கருவிகளும் ஒரே கருவிபோல ஒலிக்கும் இடம் ஒன்று வரும். அந்த இடத்தை விரல் நினைவில் வைத்துக்கொள்ளும். அதே பி சுரம் மெட்டின் வேகமான நடையில் கடந்துபோகும்போது இவ்வளவு இறக்கத் தேவையில்லை. அடுத்த சுரத்தை நோக்கிச் சாயும் சுரங்கள், குறிப்பாக எண்மத்துக்கு ஓர் அரைச்சுரம் கீழே நிற்கும் ஏழாம் சுரம், மெட்டில் சற்று உயர்ந்திருந்தால்தான் உயிரோடு இருக்கும். நீண்டு நிற்கும் சுரம் கீழிருக்கும் சுரங்களுக்குக் கட்டுப்பட்டது, ஓடும் சுரம் மெட்டுக்குக் கட்டுப்பட்டது என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலான இடங்களில் தவறாது.

உங்கள் படைப்பு சி மேஜரில் இருப்பதால் இன்னொரு பொறியும் காத்திருக்கிறது. செல்லோவின் திறந்த (விரல் வைக்காத) சி தந்தியிலிருந்து ஜி, டி, ஏ, ஈ என்று நான்கு தூய ஐந்தாம் இடைவெளிகளில் (ஷட்ஜம்–பஞ்சம தூரம்) ஏறிப் போனால், உங்கள் திறந்த ஈ தந்தி, அந்த சி-க்கு இயற்கையாக அமைய வேண்டிய மூன்றாம் சுரத்தைவிட ஏறக்குறைய 22 சென்ட் உயர்ந்து நிற்கும். அவரவர் தந்தியைத் தனித்தனியே மிகத் தூய்மையாகச் சேர்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாலும் முதல் சி மேஜர் சுரக்கூட்டு கசப்பது இதனால்தான். அனுபவமுள்ள குழுக்கள் ஐந்தாம் இடைவெளிகளை மயிரிழை அளவு நெருக்கி, செல்லோவும் வயோலாவும் சி தந்தியைக் கொஞ்சம் உயர்த்தி வைத்துச் சேர்த்துக்கொள்கின்றன. நீங்கள் சி மேஜர் சுரக்கூட்டில் ஈ வாசிக்க நேரும்போது திறந்த தந்தியைத் தவிர்த்து, ஏ தந்தியில் நான்காம் விரலால் வாசியுங்கள். முதல் பகுதியின் நடுவில் வயோலாவும் செல்லோவும் ஈ, பி என்ற ஐந்தாம் இடைவெளியைத் துருத்தியிசைபோல நீட்டிப் பிடிக்கும் இடம் ஒன்று இருக்கிறது; அதற்கு மேலே வரும் ஜி ஷார்ப் சுரங்களை இதே முறையில் இறக்கிப் பாருங்கள், குடியானவர் நடனத்தின் குதூகலம் அப்போதுதான் அந்த இடத்தில் எழும்.

ஒத்திகையில் பாதி பேச்சிலேயே கரைகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் படித்த காலத்தில் எங்கள் நால்வர் குழு, ஒரு பகுதியின் முடிவில் வேகத்தை எங்கிருந்து தளர்த்துவது என்பது பற்றி நாற்பது நிமிடம் வாதாடியது. இருவர் இரண்டு தாளக்கட்டம் முன்பாகவே என்றோம். மற்ற இருவர் கடைசிக் கட்டத்தில்தான் என்றனர். ஒருவழியாக இரண்டு விதமாகவும் வாசித்து ஒலிநாடாவில் பதிவுசெய்தோம். போட்டுக் கேட்டபோது எது எந்த விதம் என்று எங்களில் ஒருவராலும் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து எங்கள் அறையில் ஒரு விதி வந்தது: யார் எந்த யோசனை சொன்னாலும் மறுப்பதற்கு முன் அதை முழு மனத்தோடு ஒருமுறை வாசித்துவிட வேண்டும். கருத்துப் பிறகு. இந்த விதியை நீங்கள் குழுவில் முன்வைக்கலாம். மூத்தவரின் அதிகாரத்தைத் தொடாமலேயே அது அவருடைய பேச்சைப் பாதியாக்கிவிடும். ஒவ்வொரு ஒத்திகையையும் ஒருவர் நடத்துவது என்று முறை வைத்துக்கொள்வதும் நல்லது. எங்கே தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பதை அன்று அவர் மட்டுமே தீர்மானிக்க வேண்டும். ஒரு பகுதியைத் தொடங்கினால் அதில் குறித்துவைத்த இடம் வரும்வரை, நடுவில் எது உடைந்தாலும், நிறுத்தக் கூடாது. வயோலா நண்பரின் முறை வரும்போது அவருக்கும் பேச வாய்ப்புக் கிடைக்கும். அதிகம் பேசாதவர்கள் பெரும்பாலும் நன்றாகக் கேட்டிருப்பார்கள்.

திருத்தம் சொல்லும் முறையும் பழக்கத்தால் வருவதே. முதல் வேரியேஷனில் உங்கள் மெட்டை முதல் வயலினின் சிறு சுரங்கள் மூடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். ‘உங்கள் ஒலி அதிகம்’ என்றால் அவர் காயப்படுவார், அடுத்த முறை மிகையாகத் தணித்து வாசித்துக் காட்டுவார். ‘மூன்றாம் தாளக்கட்டத்தில் என் மெட்டு எனக்கே கேட்கவில்லை, நீங்கள் வில்லின் மேல்பாதியில், குறைந்த நீளத்தில் ஒருமுறை வாசித்துப் பார்க்கலாமா?’ என்று கேட்டுப் பாருங்கள். இடம், காரணம், சோதித்துப் பார்க்க ஒரு வழி ஆகிய மூன்றும் அதில் இருக்கின்றன. அவர் உங்களைத் திருத்தும்போதும் இதே மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: ‘எந்தக் கட்டத்தில்? என்ன கேட்கிறது? என்ன செய்து பார்க்கட்டும்?’ பணிவாகக் கேட்டால் இது எதிர்ப்பாகத் தோன்றாது.

காலப்பிரமாணம் முதல் வயலினின் சொத்து என்று நினைப்பது இன்னொரு பழைய தவறு. அந்தந்த இடத்தில் மிகச் சிறிய சுரங்களை இடைவிடாமல் வாசிப்பவர் யாரோ அவருடைய கையில்தான் வேகம் இருக்கிறது. பக்கவாட்டில் எட்டின்கூறு சுரங்களை நெய்துகொண்டிருக்கும் இரண்டாம் வயலின் சற்றே தளர்ந்தால், மேலே மெட்டு எவ்வளவு முயன்றாலும் முன்னேறாது. தொடக்கச் சைகையும் அப்படியே. மெட்டு உங்களிடம் வரும்போது மூச்சை இழுத்துத் தொடங்கி வைக்க வேண்டியவர் நீங்கள். அந்த மூச்சு, வரப்போகும் வேகத்தின் ஒரு துடிப்பு அளவே இருக்க வேண்டும். தலையைப் பெரிதாக ஆட்டத் தேவையில்லை. இறுதிப் பகுதி சி மைனரில் உரத்த சுரக்கூட்டுகளோடு பாய்ந்து தொடங்குகிறது. அங்கே சைகை காட்டுபவரின் முகத்தைப் பார்க்காமல் அவருடைய வலது முழங்கையைப் பாருங்கள், வில் தந்தியில் விழும் கணம் அதில்தான் முன்கூட்டியே தெரியும். வாரம் ஒருமுறையாவது நால்வரும் முதுகைக் காட்டி உட்கார்ந்து, கண்ணின் உதவியில்லாமல் ஒரு பகுதியை வாசித்துப் பழகுங்கள். முதல் தடவை சிரிப்புத்தான் வரும்.

பயிற்றுநரின் நேரத்தை உங்கள் வழக்குகளுக்குத் தீர்ப்புச் சொல்லும் நேரமாக்கிவிட வேண்டாம். நீங்களாகவே சரிசெய்ய முடிந்த சுரத் தவறுகளோடு அவர் முன்னால் போவதும் வீண். உங்களால் முடிவுக்கு வர இயலாத இரண்டு மூன்று இடங்களை இரண்டு விதமாக வாசித்துக் காட்டி, எது ஏன் நன்றாக இருக்கிறது என்று கேளுங்கள்.

உங்கள் வயலின் ஆசிரியர் சொல்வதில் பாதி உண்மை. நால்வரும் தங்கள் சுரங்களைக் கற்றுக்கொள்வதற்காகவே ஒத்திகைக்கு வருகிற குழு உங்கள் தேர்வு நேரத்தை விழுங்கத்தான் செய்யும். முதல் இரண்டு வாரங்களில் நாள்தோறும் அரை மணி நேரம், இறுதிப் பகுதியின் வேகமான ஓட்டங்களுக்கும் முதல் வேரியேஷனின் வில் பங்கீட்டுக்கும் தனியாக ஒதுக்கிவிட்டால், பிறகு ஒத்திகை நேரத்தைத் தவிர வேறெதுவும் தேவைப்படாது. மற்றப் பாதியில் அவரோடு எனக்கு உடன்பாடில்லை. மெட்டை ஏந்தும்போது ஒருவிதமாகவும் அடுத்த கணமே பின்னணியாகும்போது வேறுவிதமாகவும் வில்லின் எடையை மாற்றத் தெரிந்த மாணவர், தனித் தேர்வில் பியானோவோடு வாசிக்கும்போது அந்தப் பியானோவைக் கேட்டு வாசிக்கிறார். தேர்வாளர்களின் காதுக்கு அது உடனே எட்டும். அவரையே ஒருமுறை ஒத்திகைக்கு அழையுங்கள், வந்து கேட்டால் அவர் கருத்து மாறக்கூடும்.

ஐந்தாம் வாரத்திலிருந்து நிறுத்தாமல் முழுப் படைப்பையும் வாசிக்கத் தொடங்குங்கள். வேறு குழுவினர் நான்கைந்து பேரை உட்காரவைத்து ஒருமுறையாவது வாசித்துக் காட்டுங்கள். நடுக்கம் எந்த இடத்தில் வருகிறது என்பது அப்போதே தெரிந்துவிடும். மறுவாசிப்புக் குறிகளில் எவற்றைப் பின்பற்றப் போகிறீர்கள் என்பதை நால்வரும் தாளில் எழுதிவையுங்கள், மேடையில் மூவர் திரும்பிப் போக ஒருவர் முன்னே போவதைப் போன்ற விபத்து வேறில்லை. பக்கம் புரட்டும் இடங்களை முன்கூட்டியே பாருங்கள். இசைத்தாள் தாங்கிகளைத் தாழ்த்திச் சற்றுத் தட்டையாக வைத்தால் ஒருவரையொருவர் பார்க்கவும் முடியும், ஒலியும் தடைபடாது. ஒவ்வொரு பகுதியிலும் யாராவது வழிதவறினால் எல்லோரும் வந்து சேர வேண்டிய இடங்கள் இரண்டை மனப்பாடமாக வைத்திருங்கள். அரங்கில் ஒரு ஒத்திகை கிடைத்தால், அதை நடு வரிசை நாற்காலி ஒன்றில் கைப்பேசியை வைத்துப் பதிவுசெய்து அன்றே கேளுங்கள். ஒத்திகை அறையில் போதுமாக இருந்த உங்கள் முதல் வேரியேஷன் அரங்கில் மெலிந்துதான் ஒலிக்கும், வில்லைப் பாலத்தின் (தந்திகளைத் தாங்கும் மரக்கட்டையின்) பக்கம் ஒரு விரற்கடை நகர்த்த வேண்டியிருக்கும்.

கடைசியாக ஒன்று. 1976-இல் தொடங்கி 2023 வரை வாசித்த எமர்சன் நால்வர் குழுவில் இரு வயலின் கலைஞர்களும் முதல், இரண்டாம் நாற்காலிகளைப் படைப்புக்குப் படைப்பு மாற்றிக்கொண்டார்கள். அடுத்த பருவத்திலும் இதே நால்வர் சேர்ந்திருக்க விரும்பினால், அந்த வழக்கத்தை உங்கள் மூத்த தோழரிடம் எடுத்துச் சொல்லலாம். இரண்டாம் வயலினின் நாற்காலியில் ஒரு பருவம் உட்கார்ந்தால் அவருக்கும் நான்கு தாளக்கட்டத்துக்கு ஒருமுறை நிறுத்தத் தோன்றாது. அந்தப் பேச்சை மட்டும் நிகழ்ச்சிக்கு முன்னால் தொடங்க வேண்டாம்.